மேக்கர்ஸ்பேஸில் சேர்ந்தாகிவிட்டது, முதலில் எந்த வகுப்புக்குப் போவது?

திரைக்கண்ணன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை எனக்கு. கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று வெகுநாள் ஆசை, போன மாதம் ஒருவழியாகப் பக்கத்தில் இருக்கும் மேக்கர்ஸ்பேஸில் (கருவிகளையும் மெஷின்களையும் எல்லாரும் பகிர்ந்து பயன்படுத்தும் பட்டறை) உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன். சேர்ந்ததோடு சரி. இரண்டு முறை போனேன், சுற்றிப் பார்த்தேன், ஒரு மூலையில் நின்றேன், வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சுவரில் பெரிய அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். லேசர் கட்டர் அறிமுகம், 3டி பிரிண்டிங் தொடக்கம், சால்டரிங், ஆர்டுயினோ நான்கு வாரம், கைக்கருவி மரவேலை, தையல், சிஎன்சி, புத்தக பைண்டிங், வெள்ளிக்கிழமை ரிப்பேர் மாலை. அங்கே இருந்த ஒருவரிடம் எதில் சேரலாம் என்று கேட்டேன். "என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டார். அதுதானே எனக்குத் தெரியவில்லை! நல்ல மனிதர்தான், ஆனால் கேள்வி என்னவோ வாய்மொழித் தேர்வு மாதிரி இருந்தது.

இன்னொன்று, அங்கே இருப்பவர்கள் எல்லாரும் எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். ஒருவர் ஏதோ ரோபோக் கையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், அவர் பக்கத்தில் போய் சால்டரிங் அயர்னை எப்படிப் பிடிப்பது என்று கேட்கக் கூச்சமாகிவிட்டது.

11 வயது மகள் இருக்கிறாள், அவளும் வருகிறேன் என்கிறாள். அவளுக்கு எது ஒத்துவரும் என்றும் சொன்னால் நல்லது. வாரத்துக்கு ஒரு மாலைதான் எனக்குக் கிடைக்கும், அதனால் கேட்கிறேன்.

ஈயக்காரி எழுதியது:

சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கி மின்பாகங்களை இணைப்பது. யோசிக்கவே வேண்டாம். பெரும்பாலும் இரண்டு மணி நேர வகுப்பு, முடியும்போது மினுக்கும் விளக்கு ஒன்று கையில் இருக்கும், மூலையில் நிற்கும் வியாதியும் அதோடு போய்விடும்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஈயக் கம்பியை நேராக அயர்ன் முனையில் வைத்து உருக்கி, அந்தச் சொட்டைக் கொண்டுபோய் இணைப்பின் மேல் அப்புவார்கள். அது உருண்டையாக உட்காருமே தவிர ஒட்டாது. முனையால் மின்சுற்றுப் போர்டில் இருக்கும் செப்பு வட்டத்தையும் பாகத்தின் காலையும் ஒருசேரச் சூடாக்க வேண்டும், இரண்டு மூன்று விநாடி போதும், பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியைக் கொடுத்தால் ஈயம் தானாக ஓடிப் போய்ப் படியும். அந்த ஓட்டத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் சொல்லித்தர ஒன்றுமில்லை, பழக்கம்தான்.

வகுப்பில் எந்தக் கம்பி தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்தது 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஈயமில்லாத வகைகளில் வழக்கமாகக் கிடைப்பது 217 டிகிரியைத் தாண்டினால்தான் இளகும், கொஞ்சம் முரண்டும் பிடிக்கும், இணைப்பும் பளபளப்பாக வராது. உங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்து மனம் விடாதீர்கள். எழும் புகையைப் பார்த்து ஈயம் என்று பயப்படவும் வேண்டாம், அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகாது, ஈயம் நன்றாக ஒட்டுவதற்காகக் கம்பிக்குள் வைத்திருக்கும் ஃபிளக்ஸ் எரிகிற புகை அது. ஆனாலும் மூச்சுக்கு நல்லதில்லை, புகை உறிஞ்சியை ஓட விடுங்கள். ஈயம் ஒட்டுவது விரலில். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

என் முதல் வகுப்பில் நான் செய்த எல்இடி எரியவில்லை. சொல்லிக்கொடுத்தவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது, ஆனால் வாயைத் திறக்காமல், மின்சாரம் எங்கே தடைபடுகிறது என்று அளந்து பார்க்கும் மல்டிமீட்டரை என் பக்கம் தள்ளினார். கால் மணி நேரம் தடவித் தடவி, எல்இடியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன் என்று நானே கண்டுபிடித்தேன். நீளமான கால் நேர்மின் பக்கம். இந்த ஜென்மத்துக்கு மறக்காது.

அளவுகோல் எழுதியது:

நான் ஒரு மேக்கர்ஸ்பேஸில் லேசர் அறிமுகம் எடுக்கும் தன்னார்வலன். சால்டரிங் நல்ல யோசனைதான், அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் மாதத்துக்கு நாலு பேராவது இதில் ஏமாந்து போகிறார்கள்.

அட்டவணையில் "அறிமுகம்" என்று போட்டிருப்பதும் "வகுப்பு" என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல. அறிமுகம் என்பது அந்த இயந்திரத்தைத் தொட உங்களுக்குக் கிடைக்கும் அனுமதி. எப்படி அணைப்பது, எதை உள்ளே வைக்கக் கூடாது, தீப்பிடித்தால் என்ன செய்வது, அவ்வளவுதான். வடிவமைப்பு யாரும் சொல்லித்தர மாட்டார்கள். வகுப்பு என்றால் ஒரு பொருளைச் செய்து முடிப்பது. லேசர் அறிமுகத்துக்கு வந்துவிட்டு "என் பெயரைப் பெட்டியில் பொறிக்கிற மாதிரி சொல்லித் தருவீங்கன்னு நெனச்சேன்" என்று முகம் வாடிப் போனவர்கள் எத்தனையோ பேர். அதனால் லேசர் ஆசை இருந்தால் இங்க்ஸ்கேப் என்கிற வரையும் மென்பொருளை இறக்கி வீட்டிலேயே இரண்டு மாலை விளையாடுங்கள், இலவசம்தான். வெட்டுகிற கோடு வேறு, பொறிக்கிற படம் வேறு என்கிற அளவுக்குப் புரிந்தால் போதும், அறிமுகத்தன்றே உருப்படியாக ஒன்றை வெட்டிக்கொண்டு போகலாம்.

எதை வைக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் கறார். பிவிசி பிளாஸ்டிக் கூடவே கூடாது. சூடு பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். லென்ஸ், அது ஓடும் இரும்புத் தண்டு, உங்கள் நுரையீரல் என்று வித்தியாசம் பார்க்காது. பிவிசி என்றால் எல்லாரும் குழாயை நினைக்கிறார்கள், யாரும் குழாயைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. வருவது ரெக்சின். "தோல்தான் சார்" என்பார்கள், பார்த்தால் துணிமேல் பிவிசி பூசியது. ஸ்டிக்கர் வினைல் ஷீட்டும் இதே ஜாதிதான், அதற்குக் கத்தியால் வெட்டும் வினைல் கட்டர் தனியாக இருக்கும். என்ன பொருள் என்று உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் அது உள்ளே போகாது.

அக்ரிலிக் வெட்டலாம், ஆனால் சுடர் எழும்பும். அதனால்தான் இயந்திரம் ஓடும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்கிறோம், போன் பேச வெளியே போகக் கூடாது என்பது வெறும் சட்டதிட்டம் இல்லை. வெட்டும் கதிர் கண்ணுக்குத் தெரியாது (கார்பன் டை ஆக்சைடு லேசரில் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம்), நீங்கள் பார்க்கும் சிவப்புப் புள்ளி இடம் காட்ட மட்டும்.

அப்புறம் "3 மில்லி பிளைவுட்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். வெர்னியர் என்கிற துல்லிய அளவுக் கருவியில் அளந்தால் 2.7 வரும், 3.2 வரும், ஒரே பலகையின் இரண்டு ஓரத்தில் இரண்டு அளவு வரும். கதிரும் தன் பங்குக்கு ஒரு இழை தின்னும். பெட்டி செய்யும் முன்னால் சீப்பு மாதிரி ஏழெட்டுக் காடி வெட்டி, ஒவ்வொன்றும் 0.1 மில்லி வித்தியாசத்தில், எது இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மரத்தூள் எழுதியது:

கைரம்பம் பிடிக்கத் தெரியாதவருக்கு லேசர். நல்லா இருக்கு.

கைக்கருவி மரவேலை வகுப்பில் சேருங்கள் நண்பரே. கோடு போடுவது, கோட்டின் எந்தப் பக்கம் வெட்டுவது, உளியை எந்த முகம் கீழே வைத்துப் பிடிப்பது. இது தெரிந்தால் மற்ற எல்லாம் தானாகப் புரியும். அளவுகோல் மேலே சொன்ன அதே "தின்னும் அளவு" ரம்பத்துக்கும் உண்டு, கையால் வெட்டும்போது அது கண்ணுக்கு எதிரே தூளாக விழும், அதனால் மனதில் நிற்கும்.

மின்ரம்பத்துக்கு அவசரப்பட வேண்டாம். மேசை ரம்பத்தில் தகட்டுக்குப் பின்னால் இன்னொரு மெல்லிய இரும்புத் தகடு நிற்கும், வெட்டிய பிளவு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வி, பலகை உங்கள் வயிற்றை நோக்கிப் பாயாமல் இருக்க அது. "இடைஞ்சலா இருக்கு" என்று அதைக் கழற்றி வைத்திருந்தால் அந்த மெஷின் பக்கமே போகாதீர்கள். கையுறை கூடாது. புதிதாக வருபவர்கள் பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கடைசல் மெஷினோ துளையிடும் மெஷினோ, சுழலும் எதுவாக இருந்தாலும் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும். தொங்கும் துணி, கழுத்துச் சங்கிலி, கட்டாத முடி எல்லாம் இதே கணக்கு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் எப்போதும்.

3டி பிரிண்டர் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எல்லாரும் ஒரு குட்டிப் படகு அச்சடித்து ஷெல்ஃபில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

மரத்தூள் ஐயா, அந்தப் படகு பொம்மை இல்லை. பெஞ்சி என்று பெயர், 2015இல் வந்தது. தொங்கும் வளைவு, பாலம், சின்ன ஓட்டை, சரிவு எல்லாம் ஒரே உருவில் இருக்கிற மாதிரி, பிரிண்டர் எங்கே சொதப்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றே செய்த சோதனைத் துண்டு. நீங்கள் உளியைக் கழிவுக் கட்டையில் போட்டுப் பார்ப்பீர்கள் இல்லையா, அது மாதிரி. (ஷெல்ஃபில் என்னிடம் நாலு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.)

திரைக்கண்ணன், நான் சேர்ந்தது தையலுக்கு. என் தையல் மெஷினில் தையல் நீளம் மாற்றும் குமிழ் உடைந்துபோனதால்தான் 3டி பிரிண்டர் பக்கம் போனேன். அந்தக் குமிழ் எங்கும் கிடைக்கவில்லை. வெர்னியரை வைத்து அளந்து, டிங்கர்கேட் என்கிற வரையும் மென்பொருளில் உருளை, ஓட்டை, கொஞ்சம் வரிவரியாகப் பிடிமானம் என்று ஒன்றை வரைந்தேன். வகுப்பில் கற்றது பிரிண்டரை ஓட்ட மட்டும்தான், அது அரை மணி நேர வேலை. மீதி எல்லாம் அந்தக் குமிழ் கற்றுக்கொடுத்தது.

என்ன கற்றேன் என்றால், ஒன்று, பொறுமை. பிரிண்டர் உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக வைத்துத்தான் பொருளை உருவாக்கும். அடுக்கு 0.2 மில்லி, குமிழ் 40 மில்லி உயரம், அப்படியென்றால் 200 அடுக்கு. முதல் அடுக்கு தட்டில் ஒட்டவில்லை என்றால் மீதி 199-ம் இடியாப்பம்தான், அதனால் முதல் சில நிமிடம் கண் எடுக்கக் கூடாது. இரண்டு, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில்தான் பலவீனம். நான் செங்குத்தாக நிறுத்தி வைத்து அச்சடித்த கிளிப் ஒன்று குறுக்கே டப்பென்று பிளந்தது, அதையே படுக்க வைத்து அடித்தேன், இன்றைக்கும் உழைக்கிறது. மூன்று, பிஎல்ஏ என்கிற அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கும் பொருளுக்கு ஆகாது. என் போன் தாங்கி தலை குனிந்துவிட்டது.

தையல் வகுப்பில் எப்போதும் இடம் இருக்கும், ஏனோ ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டுவதும், லேசர் தின்னும் அளவும், மரத்தூள் ஐயாவின் ரம்பத்தூளும் ஒரே கதைதான். தட்டையான துணியிலிருந்து உருண்டையான ஒன்றை வரவழைப்பது கணினியில் வரையும் எந்த கேட் மென்பொருளுக்கும் குறைந்த வித்தை இல்லை.

பழையபேப்பர் எழுதியது:

எல்லாரும் ஆளாளுக்குத் தங்கள் மெஷினைச் சொல்லிவிட்டார்கள். நூல்கண்டு சொன்னதில் எல்லாருக்கும் தப்பிப் போன விஷயம் அந்தக் குமிழ்.

உங்களிடம் "என்ன செய்யணும்" என்று கேட்டவர் பெரிய பதிலாக எதிர்பார்த்திருக்க மாட்டார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் என்கிற பேராசிரியர் 1998இல் கிட்டத்தட்ட எதையும் செய்வது எப்படி என்று ஒரு பாடம் தொடங்கினார், பின்னால் உலகம் முழுக்கப் பரவிய ஃபேப் லேப் என்கிற பொதுப் பட்டறைகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான். ஆராய்ச்சிக்கான பாடம் என்று நினைத்து ஆரம்பித்தால், ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞர் என்று கூட்டம் வந்து நின்றது. கெல்லி டாப்சன் என்கிற மாணவி அதில் செய்தது என்ன தெரியுமா? கூச்சலைப் பிடித்து வைக்கும் பை. கத்த முடியாத இடத்தில் அதற்குள் வாயை வைத்துக் கத்திவிட்டு, பிறகு வசதியான இடத்துக்குப் போய்ப் பிழிந்தால் கூச்சல் வெளியே வரும். யாருக்கு வேண்டும் அது? அவருக்கு வேண்டியிருந்தது. போர்டு, ப்ரோக்ராம், தையல் எல்லாம் அதற்காகக் கற்றுக்கொண்டார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், வீட்டில் உடைந்து கிடக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு ரிப்பேர் மாலைக்குப் போங்கள். மார்ட்டினே போஸ்ட்மா ஆம்ஸ்டர்டாமில் 2009இல் ரிப்பேர் கஃபே என்று ஆரம்பித்த வழக்கம், இன்றைக்கு நிறைய மேக்கர்ஸ்பேஸ்களில் நடக்கிறது. அங்கே நீங்கள் கொடுத்துவிட்டுப் போக முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்ற வேண்டும். பேச்சு தானாக வரும். என்ன பழுது என்று தெரிந்ததும் எந்த வகுப்பு என்பதும் தெரிந்துவிடும். சுவரில் நேராகச் செருகும் மின்சாரப் பொருளை முதல் தடவையே எடுத்துப் போகாதீர்கள், பேட்டரியிலோ யுஎஸ்பியிலோ ஓடுவதாகப் பாருங்கள்.

ஈயக்காரி எழுதியது:

பழையபேப்பர் சொல்வதற்கு நான் கட்டுப்படுகிறேன். ரிப்பேர் மாலையில் பாதி நேரம் சால்டரிங்தான் நடக்கும் என்பதால் எனக்கு நஷ்டம் இல்லை.

மகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 11 வயது நல்ல வயது. இங்கிலாந்தில் மைக்ரோபிட் என்கிற குட்டிக் கணினி போர்டை 2016இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தபோது தேர்ந்தெடுத்த வகுப்பே 11, 12 வயதுக்காரர்களுடையது. கட்டங்களை இழுத்துப் போட்டே ப்ரோக்ராம் எழுதலாம், சால்டரிங் தேவையில்லை. அதற்கும் முன்னால் காகிதச் சுற்று ஒன்று செய்யச் சொல்லுங்கள், அட்டையில் செப்புப் பட்டை ஒட்டி, 3 வோல்ட் பட்டன் பேட்டரியும் எல்இடியும் வைத்து எரிய விடுவது. முதல் அரை மணி நேரத்திலேயே மின்சுற்று என்றால் என்னவென்று விரலுக்குப் புரிந்துவிடும். வீட்டில் அதைவிடச் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் பேட்டரியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், விளையாட்டில்லை.

லேசர், மின்ரம்பம் எல்லாம் அவளை வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போவதாக இருந்தாலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும்.

திரைக்கண்ணன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி, யார் சொன்னதைக் கேட்டேன் என்றே எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

மகளின் யுஎஸ்பி படிப்பு விளக்கு ஒன்று கழுத்து உடைந்து ஆறு மாதமாக அலமாரி மேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ரிப்பேர் மாலைக்குப் போனேன். கழுத்து மட்டும்தான் போச்சு என்று நினைத்திருந்தேன், பிரித்துப் பார்த்தால் வளைகிற இடத்தில் ஒயரும் உள்ளுக்குள் அறுந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மல்டிமீட்டரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்கிறீர்கள், அந்த ரோபோக் கைக்காரர். அவர் பாட்டுக்கு எட்டு மாதமாக அதே கையைத்தான் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறாராம், இன்னும் ஒரு டம்ளரைக்கூட அது தூக்கவில்லையாம்.

ஒயரை நானே சால்டர் செய்தேன். முதலில் உருண்டைதான் வந்தது, ஈயக்காரி திட்டியது ஞாபகம் வந்து சூடாக்கும் இடத்தை மாற்றினேன், ஓடிவிட்டது. கழுத்துக்கான கீல் துண்டை அடுத்த வாரம் 3டி பிரிண்டிங் வகுப்புக்குப் போய்விட்டு அச்சடித்தேன். முதலாவது 0.3 மில்லி இறுக்கம், உள்ளே போகவே இல்லை. இரண்டாவது போனது, மகள் ஒரு தடவை வளைத்ததும் டப். நூல்கண்டு சொன்ன அதே பிளவு, நிறுத்தி வைத்து அடித்திருக்கிறேன்! படித்துவிட்டும் செய்தேன். மூன்றாவது படுக்க வைத்து அடித்தது, விளக்கு எரிகிறது, தலை நிற்கிறது. நிறம் மட்டும் பொருந்தவில்லை, பச்சைப் பிளாஸ்டிக் இழைதான் அன்றைக்கு மாட்டியிருந்தார்கள். அவளுக்கு அந்தப் பச்சைதான் பிடித்திருக்கிறதாம், காகிதச் சுற்று ஒன்றையும் அதே பச்சை அட்டையில் செய்து கதவில் ஒட்டியிருக்கிறாள்.

தையல் வகுப்பில் இரண்டு இடம் இருந்தது, இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். கருவிப் பை ஒன்று தைக்கலாம் என்று திட்டம், அதற்கு வீட்டில் பழைய சோபாவின் ரெக்சின் கொஞ்சம் கிடக்கிறது, நல்ல கெட்டி. லேசரில் வெட்டினால் ஓரம் நேராக வருமே என்று ஒரு நிமிடம் தோன்றியது.

அளவுகோல் எழுதியது:

அந்தப் பொருளின் பெயர் என்ன சொன்னீர்கள்?

திரைக்கண்ணன் எழுதியது:

கத்தரிக்கோல் சார், கத்தரிக்கோல்.